இழுத்துவிட்டால் ஸ்பிரிங் ஆகிவிடுமா?

பெரம்பூரில் பழைய பொருள்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால், கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் அந்தக் காலத்து மெக்கானிக்கின் புகழ் பாடத் தொடங்கிவிடுவார். "அப்போல்லாம் எதையும் தூக்கிப் போட மாட்டாங்க சார். ஸ்பிரிங் தளர்ந்துச்சா, ஒரு இழு இழுத்து விடுவாங்க. உடைஞ்சிடுச்சா, முனையைக் காய்ச்சி வளைச்சு மறுபடி மாட்டுவாங்க. துருப் பிடிச்சுதா, ஆசிட்ல போட்டு எடுத்து ஓட்டுவாங்க. இப்பதான் எதுக்கெடுத்தாலும் புதுசு!" தாத்தா காலத்து உரிமத்துப்பாக்கியின் மேகசினிலிருந்து கண்டெய்னர் லாரியின் கமான் பட்டை வரைக்கும் இதே வைத்தியம்தான். கேட்கிறவர்களும் தலையாட்டுவார்கள். தூக்கி எறியும் கலாச்சாரத்துக்கு எதிரான பேச்சு என்பதால் மறுத்துப் பேசவும் ஒரு தயக்கம்.

எனக்குத் தயக்கமில்லை. ரிப்பேர் செய்கிறவர் மேல் அந்தப் பேச்சில் இருக்கும் மரியாதை நியாயமானது. ஸ்பிரிங்கைப் பற்றி அது சொல்வது முழுக்கத் தவறு. தளர்ந்த ஸ்பிரிங்கை இழுத்துவிடுவது ரிப்பேர் ஆகாது, உடைந்ததைப் பற்றவைப்பதும் ஆகாது. ஸ்பிரிங்கில் இரண்டே வேலைதான் உண்டு: புதிதாகச் செய்வது, அல்லது இருப்பதை முழுசாக மறுபடி செய்வது. இடையில் மூன்றாவது வழி எதுவும் கிடையாது.

இந்தப் பேச்சுக்குச் சாட்சியாக எப்போதும் இழுக்கப்படுவது ரயில்வே பணிமனைதான். 1856-ல் மதராஸ் ரயில்வே கம்பெனி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி விட்டது. அதே ஆண்டில் பெரம்பூரில் பழுதுபார்க்கும் பணிமனையும் வந்தது. பிறகு கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ், 1955 அக்டோபர் 2 அன்று நேரு திறந்துவைத்த ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். இந்த ஊரில் பல வீடுகளுக்கு மூன்று தலைமுறையாகச் சோறு போட்டது ரிப்பேர்தான். ஆகவே "எங்கப்பா ஸ்பிரிங் ஷாப்புல இருந்தாரு, உடைஞ்ச ஸ்பிரிங்கையெல்லாம் ரிப்பேர் பண்ணுவாரு" என்று ஒருவர் சொன்னால் பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த அப்பா என்ன செய்தார் என்பதை முழுதாகக் கேட்க வேண்டும்.

அந்தக் காலத்துப் பெட்டிகளுக்கு அடியில் இருந்தவை பட்டை ஸ்பிரிங்குகள். பல பட்டைகளை அடுக்கி நடுவில் பக்கிள் போட்டு இறுக்கியவை. ஒரு பட்டை உடைந்தால் கட்டைப் பிரிப்பார்கள். உடைந்த பட்டையை ஒட்டுப்போட மாட்டார்கள். அது பழைய இரும்போடு போகும், அதன் இடத்தில் புதுப் பட்டை வரும். தளர்ந்த மற்றப் பட்டைகளை உலையில் செஞ்சூடாக ஏற்றி, அச்சில் வைத்துப் பழைய வளைவுக்குக் கொண்டுவந்து, எண்ணெயில் தோய்த்து, திரும்பவும் வேறொரு உலையில் அளவான சூட்டில் டெம்பர் செய்வார்கள். கட்டிய பிறகு அழுத்தியில் வைத்து மட்டமாகும்வரை நசுக்கி, விட்டதும் முழு உயரத்துக்கு எழும்புகிறதா என்று பார்ப்பார்கள். எழும்பாவிட்டால் தேர்வாகாது. பேச்சுவழக்கில் இதை ரிப்பேர் என்று சொன்னாலும், நடந்தது மறுபடி செய்தல். உலை, எண்ணெய்த் தொட்டி, சூடு அளக்கும் கருவி, அழுத்திப் பார்க்கும் எந்திரம் ஆகிய நாலும் இருந்ததால் அது நடந்தது. கேஸ் வெல்டிங் குழாயும் ஒரு குறடும் மட்டும் உள்ள கடையில் அதே பெயரில் நடப்பது வேறு வேலை.

சுருள் ஸ்பிரிங் வந்த பிறகு அந்த வாய்ப்பும் போயிற்று. ஐ.சி.எஃப் வடிவப் பெட்டியின் ஒரு போகியில், அதாவது சக்கரங்களைத் தாங்கும் சட்டத்தில், அச்சுப்பெட்டிகளின் மேல் மட்டும் 8 சுருள்கள் உட்கார்ந்திருக்கும். பெட்டி பெரிய பரிசோதனைக்கு வரும்போது அவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்து, காந்தப் பொடி போட்டு விரிசல் தேடுவார்கள். குறிப்பிட்ட எடையை ஏற்றி உயரத்தை அளந்து மூன்று பிரிவாகப் பிரித்து, மஞ்சள், நீலம், பச்சை என்று நிறம் அடிப்பார்கள். ஒரே போகியில் பிரிவு மாறி ஸ்பிரிங் போடக் கூடாது. விரிசல் கண்டதும் அளவுக்குள் வராததும் கழிக்கப்படும். இழுத்துவிட்டு உயரம் காட்டலாமே என்று அங்கே யாரும் முயல்வதில்லை. புதிய சுருள்கள் செய்வதற்கென்றே குவாலியருக்குப் பக்கத்தில் சித்தௌலியில் ரயில்வே தனித் தொழிற்சாலை வைத்திருக்கிறது. எந்த ஊரின் பெயரைச் சொல்லி ஒட்டுவேலையைப் புகழ்கிறார்களோ, அந்த ஊரின் பணிமனையே அதை உள்ளே விடுவதில்லை.

அப்படியென்றால் இந்த நம்பிக்கை ஏன் இவ்வளவு காலம் நிற்கிறது? இழுத்துவிட்ட ஸ்பிரிங் வேலை செய்வதுபோல் தெரிவதால்தான். இங்கேதான் எஃகு நம்மை ஏமாற்றுகிறது.

பெரும்பாலோர் நினைப்பது, டெம்பர் போன ஸ்பிரிங் கையால் அழுத்தினாலே மெத்தென்று தெரியும் என்று. அப்படித் தெரியாது. எஃகை எப்படிக் காய்ச்சினாலும், எதில் தோய்த்தாலும், சின்ன அளவு வளைப்பதற்கு அது காட்டும் எதிர்ப்பு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். நன்றாக டெம்பர் ஏறிய கம்பியும், அடுப்பில் பழுத்து ஆறிப்போன அதே கம்பியும், லேசாக அழுத்தும்போது ஒரே விறைப்பைக் காட்டும். வெப்ப வேலையால் மாறுவது மீட்சி எல்லை, அதாவது எவ்வளவு வளைத்தால் திரும்பி வராமல் அப்படியே நின்றுவிடும் என்ற எல்லை. மெக்கானிக் விரலால் அழுத்திப் பார்த்து "ஜம்முனு இருக்கு" என்று சொல்லும்போது, மாறாத ஒன்றைச் சோதித்துவிட்டு மாறிப்போன ஒன்றுக்கு உத்தரவாதம் தருகிறார். முழு பாரம் ஏறும் நாளில்தான் உண்மை தெரியும். அன்றைக்கு அவர் பக்கத்தில் இருக்க மாட்டார்.

இழுப்பதையே எடுத்துக்கொள்வோம். அழுத்தத்துக்கான நல்ல சுருளைச் செய்து முடித்ததும், தொழிற்சாலையில் அதைச் சுருளோடு சுருள் முட்டும்வரை சிலமுறை நசுக்குவார்கள். அப்போது கம்பியின் மேல்தோலில் வேலைப்பளுவுக்கு எதிர்த்திசையில் ஓர் உள்ளழுத்தம் தங்கிவிடும். அது ஸ்பிரிங்கின் சேமிப்பு. பிறகு ஏறும் பாரத்தில் கொஞ்சத்தை அதுவே கழித்துவிடும். நீங்கள் குறடால் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்து நீட்டினால் அந்தச் சேமிப்பு போவதோடு, வேலைப்பளு இருக்கும் அதே திசையில் புது உள்ளழுத்தம் வந்து சேரும். பாரம் ஏறியதும் இரண்டும் கூடும். அதனால்தான் இழுத்த ஸ்பிரிங் சில நாளிலேயே பழைய உயரத்துக்கோ அதற்கும் கீழேயோ போய்விடுகிறது. உடனே "இரும்பு செத்துப்போச்சு" என்பார்கள். அதைச் சாகடித்தது குறடு.

பற்றவைப்பது இன்னும் மோசம். ஸ்பிரிங் எஃகில் கார்பன் அதிகம். வெல்டிங் சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டை கண்ணாடிபோல் கடினமாகிவிடும், அதற்கடுத்த பட்டை மெழுகுபோல் இளகிவிடும். இரண்டும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். அடுத்த உடைப்பு ஒட்டுப்போட்ட இடத்தில் வராது, அதற்கு ஒரு விரல் தள்ளி வரும். "வெல்டிங் நிக்குது பாருங்க, பக்கத்துலதான் போச்சு" என்று கடைக்காரர் பெருமையோடு காட்டுவது அதைத்தான்.

துருவைப் பற்றி வடசென்னைக்காரர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். ராயபுரத்திலும் எண்ணூரிலும் ஜன்னல் கம்பியே சாட்சி. ஆனால் ஸ்பிரிங்கில் துரு செய்யும் கணக்கு பலருக்குத் தெரியாது. சுருள் ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது. கம்பியின் தடிமன் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விறைப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும், அதே பாரத்துக்குக் கம்பி தாங்க வேண்டிய அழுத்தம் ஏறக்குறைய 37 சதவீதம் கூடிவிடும். துரு சமமாகத் தின்றால் இந்தக் கணக்கு. அது சமமாகத் தின்பதில்லை, குழி குழியாகத் தின்னும். ரயில் சுருள்கள் பெரும்பாலும் உடைவது அடிச்சுற்றில், ஈரமும் அழுக்கும் தங்கும் இடத்தில்தான். அங்கே உள்ள ஒரு குழிதான் விரிசலுக்கு வித்து.

சரி, துருவை எடுத்துவிடலாம் என்று ஆசிட்டில் போடுகிறார்கள், பிறகு பளபளப்புக்கு முலாமும் பூசுகிறார்கள். ஆசிட்டும் முலாமும் எஃகுக்குள் ஹைட்ரஜனை ஏற்றிவிடும். சாதாரண இரும்புக்கு அதனால் பெரிய கேடில்லை. டெம்பர் ஏறிய ஸ்பிரிங் எஃகு மட்டும் அந்த ஹைட்ரஜனால் நொறுங்கும் தன்மை பெற்று, பாரத்தில் சும்மா நிற்கும்போதே ஒருநாள் டப்பென்று உடையும். அதனால்தான் முறையாக முலாம் பூசுகிறவர்கள், பூசிய சில மணி நேரத்துக்குள் 200 டிகிரி அளவில் பல மணி நேரம் அடுப்பில் வைத்து எடுக்கிறார்கள். மூலைக்கடையில் அந்த அடுப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு நம்பிக்கையையும் இங்கேயே பிடித்துவிட வேண்டும். ஸ்பிரிங்கைப் பாரத்திலேயே விட்டால் தளர்ந்துவிடும், ஆகவே அவ்வப்போது ஓய்வு தர வேண்டும் என்பது அது. துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம் இது வேதவாக்கு. மேகசினில் தோட்டா போட்டே வைத்தால் ஸ்பிரிங் போய்விடும் என்று தினம் ஏற்றி இறக்குவார்கள். உண்மை ஏறக்குறைய இதற்கு நேர்மாறு. மீட்சி எல்லைக்குள் நிற்கும் ஸ்பிரிங், சாதாரண வெப்பநிலையில், நின்ற நிலையிலேயே தளர்வது மிகச் சொற்பம். அதைத் தின்பது அமுங்கி எழும் ஒவ்வொரு தடவையும்தான். நின்றுபோன லாரி என்ஜினில் எப்போதும் சில வால்வுகள் திறந்தே நிற்கும். அவற்றின் ஸ்பிரிங் வருடக்கணக்கில் அமுங்கியே கிடக்கும். ஆனாலும் என்ஜினைக் கிளப்பினால் அந்த வால்வு மட்டும் சோம்பலாக மூடுவதில்லை. அதே என்ஜின் 1500 சுற்றில் ஓடும்போது ஒவ்வொரு வால்வு ஸ்பிரிங்கும் மணிக்கு 45,000 முறை அமுங்கி எழுகிறது. ஆயுள் கரைவது அங்கே.

இது புதிய ஞானமும் இல்லை. 1842 மே 8 அன்று வெர்சாயிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலில் என்ஜின் அச்சு முறிந்து ஐம்பதுக்கும் மேற்பட்டோர் எரிந்து இறந்தார்கள். அப்போதும் பலர் சொன்னது, ஓடி ஓடி இரும்பின் உள்தன்மையே மாறிப் படிகமாகிவிட்டது என்றுதான். நம் ஊர் 'இரும்பு செத்துப்போச்சு'வின் ஐரோப்பியப் பதிப்பு அது. அடுத்த சில பத்தாண்டுகளில் ஜெர்மன் ரயில்வே பொறியாளர் ஔகுஸ்ட் வோலர் அச்சுகளைச் சுழற்றிச் சுழற்றிச் சோதித்து, முறிவைத் தீர்மானிப்பது ஒருமுறை ஏறும் பெரும்பாரத்தைவிடத் திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் அழுத்தம்தான் என்று எண்களோடு காட்டினார். உலோகக் களைப்பு என்ற படிப்பே ரயில்வேயிலிருந்து பிறந்தது. ரயில்வே ஊர் அதை மறக்கலாமா?

ஸ்பிரிங்குக்கு ஓய்வு தர வேண்டும் என்ற நம்பிக்கையில் ஒரு துளி உண்மை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பிரென் இயந்திரத் துப்பாக்கியின் 30 தோட்டா மேகசினில் 28 மட்டும் போடும் பழக்கம் ராணுவத்தில் இருந்தது. சின்ன டப்பாவுக்குள் எல்லை வரை நெருக்கி அமுக்கப்படும் ஸ்பிரிங்குக்குக் கொஞ்சம் இடம் விடுவது புத்திசாலித்தனம். ஆனால் அது எவ்வளவு அமுக்குகிறோம் என்ற கேள்வி. எத்தனை நாள் அமுக்கி வைக்கிறோம் என்பதோடு அதைக் குழப்பியதில்தான் தினம் ஏற்றி இறக்கும் சடங்கு வந்தது.

மேகசின் பேச்சு வந்துவிட்டதால் அதையே முடிப்போம். நம் நாட்டில் தனியாருக்கு உரிமத்தோடு கிடைத்த .315 ரைஃபிள், காவல்துறைகள் நெடுங்காலம் சுமந்த .303 போன்றவற்றின் தோட்டாக்களுக்கு அடியில் விளிம்பு உண்டு. மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் நிற்க வேண்டும். பின்னால் போனால் சிக்கிக்கொள்ளும். .303 மேகசினின் ஸ்பிரிங், நாடாவை முன்னும் பின்னும் மடித்து வைத்தது போன்ற தட்டைப் பட்டை. அது உடைவது மடிப்பில், ஏனென்றால் வளைவின் அழுத்தமும் துருவும் அங்கேதான் கூடுகின்றன. உடைந்த முனையைக் காய்ச்சிப் புது மடிப்பு போட்டால் ஒரு கால் குட்டையாகும், தோட்டாவைத் தாங்கும் தட்டு சாயும், தோட்டாவின் மூக்கு இறங்கும். காய்ச்சிய மடிப்பில் டெம்பரும் இருக்காது. முதல் இரண்டு தோட்டாவுக்கு எல்லாம் சரியாக இருக்கும், ஸ்பிரிங் நீண்டு விசை குறையும் கடைசித் தோட்டாவில்தான் மாட்டும். "மூணு தடவை சுட்டுப் பார்த்தேன், பிரச்சினையே இல்லை" என்பதெல்லாம் சாட்சியே ஆகாது.

இதில் சட்டமும் இருக்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, உரிமமின்றி ஆயுதத்தைப் பழுதுபார்ப்பதையும் தடுக்கிறது. ஆயுதம் என்பதில் அதன் பாகங்களும் அடங்கும். தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்து ஒரு மடிப்புப் போட்டு வாங்குவது திறமை இல்லை, குற்றம். பழுதுபார்க்க உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடம் கொடுத்துப் புது ஸ்பிரிங் போடச் சொல்லுங்கள். சுடவே போவதில்லை, பரம்பரைச் சின்னமாக வைத்திருக்கிறீர்கள் என்றால், உரிமத்தை மட்டும் ஒழுங்காக வைத்துக்கொண்டு ஸ்பிரிங்கை உடைந்தபடியே விட்டுவிடுங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனையிலிருந்தும் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்தும் வந்த ஆயுதங்கள் இருக்கின்றன. அவற்றின் மதிப்பு ஸ்பிரிங் துள்ளுவதில் இல்லை.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்றே ஒன்றுதான், காசு. துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் நடுவே கண்டெய்னர் ஓட்டும் ஒற்றை லாரி முதலாளியிடம் போய் உலோகக் களைப்பு, உள்ளழுத்தம் என்று பேசினால், "பாரம் ஏறி நிக்குது, பட்டை போச்சு, நாளைக்குள்ள இறக்கணும், நீங்க காசு தர்றீங்களா?" என்றுதான் கேட்பார். நியாயமான கேள்வி. ஆனால் அவருடைய நஷ்டக் கணக்கில் பட்டையின் விலை சின்ன வரிதான். வண்டி நின்ற நாள், இன்னொரு லாரிக்கு மாற்றிய கூலி, சாய்ந்த பாரத்தில் தேய்ந்த டயர் எல்லாம் அதைவிடப் பெரியவை. பற்றவைத்த பட்டை அந்தச் செலவையெல்லாம் இரண்டாவது முறையும் கொண்டுவரும். கட்டு முழுவதையும் மாற்றச் சொல்லி நான் கேட்கவும் இல்லை. கமான் கட்டின் வசதியே, போன பட்டையை மட்டும் மாற்றலாம் என்பது. மற்றவை தளர்ந்திருந்தால் முறையான உலை உள்ள இடத்தில் வளைவேற்றி டெம்பர் செய்து வாங்கலாம். பற்றவைக்காமலே ஏழைக்கும் எட்டும் வழிகள்தான் இவை. சின்னச் சுருள்களுக்கு வந்தால், ஸ்பிரிங் கம்பி வாங்கிப் புதிதாகச் சுற்றித் தர ஆகும் நேரம், பழையதை நெளித்து நிமிர்த்தும் நேரத்தைவிடப் பெரும்பாலும் குறைவு.

"அந்தக் கால இரும்பு கெட்டி, அதனால பழசையே காப்பாத்தணும்" என்பதற்கு நீளமாகப் பதில் வேண்டாம். கெட்டியான பழசு மட்டும்தான் இன்றுவரை மிஞ்சியிருக்கிறது. உடைந்ததெல்லாம் எப்போதோ காயலான் கடை வழியாக உருகிப்போய்விட்டது.

உடைந்த பட்டை வீணாகவும் போவதில்லை என்பதை நம் கொல்லர்கள் எப்போதோ கண்டுகொண்டார்கள். லாரி கமான் பட்டை கிடைத்தால் அரிவாளுக்கு வேறு இரும்பு தேட மாட்டார்கள். கார்பன் உள்ள நல்ல எஃகு, மறுபடி காய்ச்சி, அடித்து, தோய்த்து, வேறொன்றாகிறது. ஒரு கைவினைஞனின் மரியாதைக்குத் தகுந்த மறுபயன் அதுதான். அதே கொல்லரிடம் அந்தப் பட்டையை ஒட்டி லாரிக்குத் திருப்பித் தரச் சொல்லிப் பாருங்கள், மறுத்துவிடுவார்.

கடைக்குப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் சிறியது. ஸ்பிரிங்கைக் கையில் அழுத்திக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதே அளவுப் புதுசு ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி உயரத்தை ஒப்பிடச் சொல்லுங்கள். முழுசாக அமுக்கி விட்டபின் மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இல்லையென்றால், அதை இழுக்கவோ ஒட்டவோ விடாமல், எடைபோட்டுப் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிட்டுப் புதிதாக வாங்குங்கள்.